சமையலறைக்குச் செய்தி வராதா?

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். அடுத்த நான்கு மணி நேரத்தில் நாடு பூட்டப்பட்டது. அதற்குப் பிந்தைய நாட்களில் நம் கைப்பேசிகளில் இரண்டு விதமான படங்கள் மாறி மாறி வந்தன. ஒன்று, கண்ணாடிக் குவளையில் பாலின் மேல் நுரைத்து நிற்கும் டல்கோனா காபி. மற்றொன்று, தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக நெடுஞ்சாலையில் நடந்துபோன புலம்பெயர் தொழிலாளர்கள். விரலை ஒருமுறை நகர்த்தினால் காபி, இன்னொருமுறை நகர்த்தினால் வெடித்துப்போன பாதங்கள்.

வீட்டைப் பற்றியும் சமையலைப் பற்றியும் எழுதிக்கொண்டும் காணொளி எடுத்துக்கொண்டும் இருந்த பெண்களுக்கு அப்போது ஒரு தர்மசங்கடம் வந்தது. 'ஊரே பத்தி எரியுது, உனக்கு ஊறுகாய் கேக்குதா?' என்று ஒரு பக்கம் ஏச்சு. 'இது வீட்டு விஷயம் பேசுற இடம், இங்க அரசியல் வேண்டாம், மனசுக்கு இதமா நாலு விஷயம் பார்க்கத்தான் வர்றோம்' என்று இன்னொரு பக்கம் கட்டளை. சிலர் சில நாட்கள் மௌனமாக இருந்துவிட்டுத் திரும்பினார்கள். சிலர் மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு வரி சொல்லிவிட்டு ரசப்பொடி அரைக்கத் தொடங்கினார்கள். வெள்ளம், போர், கலவரம், விலைவாசி என்று எந்த நெருக்கடி வந்தாலும் இதே காட்சி திரும்ப நடக்கிறது. வீட்டையும் உலகத்தையும் எப்படிச் சமன் செய்வது என்ற கேள்வியும் திரும்ப வருகிறது.

எனக்கு அந்தக் கேள்வியிலேயே சந்தேகம் இருக்கிறது. ஏசியவர்களும் கட்டளையிட்டவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். வீடு ஒரு பக்கம், உலகம் இன்னொரு பக்கம் என்று இருவருமே நம்புகிறார்கள். தராசின் ஒரு தட்டில் ஊறுகாய், மறு தட்டில் சமூக அக்கறை. ஆனால் நெருக்கடி எப்போதும் வீட்டுக்குள்தான் முதலில் வந்து உட்காருகிறது. அரிசி தீர்வதும், சம்பளம் வராமல் போவதும், பள்ளி மூடிய பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் இருப்பதும், குடித்துவிட்டு வரும் ஆண் வெளியே போகாமலே இருப்பதும் வீட்டுக்குள் நடப்பவை. வீட்டைப் பற்றி எழுதுகிறவர் உலகத்தைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. வீட்டை உள்ளபடி எழுதினாலே போதும். நம் வீட்டுக்குறிப்பு எழுத்தும் காணொளியும் அதைச் செய்கின்றனவா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஏளனத்தின் பின்னால் இருப்பது

முதலில் அந்த ஏச்சைப் பார்ப்போம். நெருக்கடிக் காலத்தில் கிரிக்கெட் பற்றி எழுதும் ஆணிடம் 'இப்போது இது தேவையா?' என்று யாரும் அவ்வளவு சுலபமாகக் கேட்பதில்லை. திரைப்பட விமர்சனம் எழுதுகிறவர், கார் வாங்க ஆலோசனை சொல்கிறவர், பங்குச் சந்தையை அலசுகிறவர் ஆகியோரின் விஷயம் 'விஷயம்'. வத்தக்குழம்பு மட்டும் அற்பம். நாள்தோறும் மூன்று வேளை அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் இந்தத் தீர்ப்பும் வழங்கப்படுகிறது. சமையலறையில் நடப்பது உழைப்பு அல்ல, அங்கே பிறப்பது அறிவு அல்ல என்ற பழைய எண்ணம்தான் அக்கறை வேடம் போட்டு வருகிறது. அந்தக் காணொளியின் வருமானத்தில் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் பெண்களும், தன் பெயரில் முதன்முறையாக வங்கிக் கணக்கு தொடங்கிய பெண்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

துன்ப காலத்தில் உணவைப் பற்றிப் பேசுவதே குற்றம் என்றால், ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைய செக் நாட்டில் இருக்கும் தெரெசின் என்ற ஊரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்தார்கள். அங்கே பட்டினி கிடந்த பெண்கள் தங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகளை நினைவிலிருந்து எழுதிவைத்தார்கள். அந்தத் தாள்களைக் காப்பாற்றிய மினா பெக்டர் என்ற மூதாட்டி 1944இல் அங்கேயே இறந்துபோனார். தன் மகளிடம் சேர்க்கச் சொல்லி அவர் ஒப்படைத்த கட்டு, சுமார் 25 ஆண்டுகள் கழித்து, நியூயார்க்கில் இருந்த மகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1996இல் புத்தகமாக வந்தது. வெண்ணெயும் முட்டையும் கண்ணில் படாத இடத்தில் கேக் செய்முறை எழுதிய அந்தப் பெண்களை யாரும் அற்பமானவர்கள் என்று சொல்ல முடியாது. தங்களை மனிதர்களாக நினைத்துக்கொள்ள அவர்களிடம் மிஞ்சியிருந்தது அந்தக் கைப்பக்குவத்தின் நினைவுதான்.

ஆகவே உணவும் வீடும் தம்மளவில் சின்ன விஷயங்கள் அல்ல. அவற்றை எப்படிக் காட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

படத்துக்கு வெளியே நிற்பவை

'காலை முதல் இரவு வரை என் ஒரு நாள்' வகைக் காணொளிகளை எடுத்துக்கொள்வோம். ஐந்து மணிக்கு எழுந்து, கோலம் போட்டு, காபி கலந்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, வீட்டைத் துடைத்து, பூஜை முடித்து, மாலையில் ஒரு பலகாரம். பத்து நிமிடத்தில் முடிகிறது. மெல்லிய இசை. பாத்திரம் கழுவும் காட்சி வேகமாக ஓட்டப்படுகிறது. சலிப்பும் இடுப்பு வலியும் வெட்டப்பட்டுவிடுகின்றன. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண்கள் அதற்குச் சராசரியாக ஒரு நாளில் 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள். அப்படிச் செய்யும் ஆண்களே நான்கில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். 299 நிமிடங்களைப் பத்து நிமிடமாகச் சுருக்கும்போது சுருங்குவது நேரம் மட்டுமல்ல. பார்க்கும் பெண் 'இவளால் முடிகிறது, என்னால் ஏன் முடியவில்லை?' என்று தன்னையே நொந்துகொள்கிறாள். கணவன் ஏன் அந்தக் காட்சியில் இல்லை என்று கேட்க அவளுக்குத் தோன்றுவதில்லை.

அடுத்தது சமையலறையைச் சுற்றிக் காட்டும் காணொளிகள். எந்த டப்பாவில் எந்தப் பருப்பு, எந்த அலமாரியில் எந்தப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவார்கள். இவற்றை நான் விரும்பிப் பார்ப்பவள்தான். இதுவரை பார்த்த எதிலும் ஒரு பொருளை மட்டும் கண்டதில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு டீ கொடுக்கவென்று ஓரமாகக் கவிழ்த்துவைத்திருக்கும் தனி டம்ளர். நம் எத்தனை வீடுகளில் அது இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். பொதுமுடக்கத்தின்போது பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் வீட்டு வேலைத் தொழிலாளர்களை வாசலிலேயே நிறுத்தின. அந்த நாட்களில் 'வேலைக்கு ஆள் இல்லாமல் வீட்டைப் பராமரிப்பது எப்படி?' என்று எத்தனையோ குறிப்புகள் வந்தன. வேலைக்கு வராத அக்காவுக்குச் சம்பளம் கொடுத்தோமா என்ற வரி அவற்றில் அபூர்வம். வீட்டுப் பணியாளர்களின் உரிமைகளுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் கொண்டுவந்த 189ஆம் உடன்படிக்கைக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அரசும் நம்மைப் போலத்தான். அவரைப் படத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

சாதியும் இப்படித்தான் சொல்லாமல் உள்ளே இருக்கிறது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' தமிழ் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கும் நூல். ஒரு பெண் தன் சமையல் அறிவைத் தானே அச்சிட்டு வெளியிட்டது பெரிய சாதனை. ஆனால் அதன் சமையலறை ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் சைவச் சமையலறை. அந்த ஒன்றே 'பாரம்பரியத் தமிழ்ச் சமையல்' என்ற பொதுப்பெயரைப் பெற்றபோது, கருவாடும் நண்டும் ரத்தப் பொரியலும் மாட்டுக்கறியும் பொதுமேடையில் 'நம் வீட்டுச் சமையல்' ஆக வெகுகாலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்றும் 'சுத்தமான சமையலறை' என்று சொல்லும்போது அந்தச் 'சுத்தம்' என்ற சொல் எதையெல்லாம் வெளியே தள்ளுகிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குறிப்புகளில் அரசியல் இல்லை என்பவர்கள் மலேசியாவில் நடந்ததைப் பார்க்கலாம். 2020 மார்ச் இறுதியில் அந்நாட்டு மகளிர் அமைச்சகம் முடக்கக் காலத்துக்கான இல்லறக் குறிப்புகளை வெளியிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்கள் ஒப்பனை செய்துகொள்ள வேண்டுமாம். கணவன் ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால் நச்சரிக்காமல், டோரேமான் குரலில் கொஞ்சிச் சொல்ல வேண்டுமாம். எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சகம் மன்னிப்புக் கேட்டது. அதே காலத்தில் உலகெங்கும் குடும்ப வன்முறைப் புகார்கள் கூடிக்கொண்டிருந்தன. இந்தியாவில் தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் எண் ஒன்றையே தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது. வீட்டை அழகாக வைத்திருங்கள், குரலைத் தாழ்த்துங்கள் என்ற குறிப்பு அப்பாவித்தனமானது அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் அக்கறை

இந்தக் குறையைச் சரிசெய்ய நாம் கண்டுபிடித்த வழி, அவ்வப்போது ஒரு சமூகப் பதிவு போடுவது. 2020 ஜூன் 2 அன்று, அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டதைக் கண்டித்து லட்சக்கணக்கானோர் வெறும் கறுப்புச் சதுரத்தைப் பகிர்ந்தார்கள். போராட்டக்காரர்கள் செய்தி பரிமாறிக்கொண்டிருந்த அதே அடையாளச் சொல்லின் கீழ் கறுப்புச் சதுரங்கள் வந்து குவிந்ததால், பயனுள்ள தகவல்கள் அடியில் புதைந்துபோயின என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. நம் ஊரிலும் அழகான வீட்டுப் படங்களுக்கு நடுவே அந்தச் சதுரம் வந்தது. மறுநாள் மாம்பழப் பாயசம் வந்தது. அதே மாதத்தில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தார்கள். தொலைதூர அநீதிக்குச் சதுரம் போட்ட சிலருக்குப் பக்கத்து ஊர் அநீதிக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் மௌனமாக இருந்தவர்களை எளிதாகக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. அரசியல் பேசும் பெண்ணுக்குக் கிடைக்கும் வசவு, அரசியல் பேசும் ஆணுக்குக் கிடைப்பது அல்ல. அவள் உடல், நடத்தை, பிள்ளைகள் என எல்லாமே இழுக்கப்படும். விளம்பரம் தருகிறவர்கள் விலகிவிடுவார்கள். பல நேரங்களில் முதல் தடை வீட்டிலிருந்தே வரும்.

இதைச் சரியாகப் படம்பிடித்தது ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்'. 2021 ஜனவரியில் வெளியான மலையாளப் படம். தமிழிலும் 2023இல் மறுஆக்கமாக வந்தது. அதன் தொடக்கக் காட்சிகளை மட்டும் பார்த்தால் அழகான சமையல் காணொளி என்றே நினைப்போம். காய் நறுக்குவது, எண்ணெய் பொரிவது, ஆவி பறப்பது எல்லாம் மிக நெருக்கத்தில். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். கேமரா நிற்க மறுக்கிறது. சாப்பிட்டு முடித்த மேசையையும், துப்பிய சக்கையையும், ஒழுகும் கழிவுநீர்க் குழாயையும் அது காட்டுகிறது. மறுநாளும் காட்டுகிறது. அதற்கு மறுநாளும். நம் காணொளிகள் வெட்டி எறியும் 289 நிமிடங்களிலிருந்து எடுத்த படம் அது.

அந்தப் படத்தில் சபரிமலைத் தீர்ப்பு பற்றிய ஒரு காணொளியை மருமகள் ஃபேஸ்புக்கில் பகிர்கிறாள். உடனே ஊர்ப் பெரிய மனிதர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கணவன் அதை அழிக்கச் சொல்கிறான். அவள் மறுக்கிறாள். ஒரு பெண்ணின் 'சமூக விழிப்புணர்வுப் பதிவு' என்பது அவள் வீட்டில் எவ்வளவு விலை கேட்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன காட்சி வேறு நினைவில்லை. அவளுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் சமையலறையும் இரண்டு விஷயங்கள் அல்ல. மாதவிடாய் நாட்களில் அவளை ஒதுக்கிவைக்கும் வீடும், கோயில் வாசலில் பெண்ணைத் தடுக்கும் கூட்டமும் ஒன்றையே சொல்கின்றன.

வீட்டுப் பொருளே பேசும்போது

வீட்டுக்கலையும் அரசியலும் ஒன்றாக நின்ற தருணத்துக்கு நாம் தொலைதூரம் போக வேண்டாம். 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில் சில இளம்பெண்களும் அவர்களுடைய தோழர்களும் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக வீட்டு வாசல்களுக்கு முன் தெருவில் கோலம் போட்டார்கள். கோலத்தின் பக்கத்தில் 'வேண்டாம் சிஏஏ, வேண்டாம் என்ஆர்சி'. காவல் துறை அவர்களைப் பிடித்து வைத்தது. மறுநாளே ஊரெங்கும் வாசல்களில் அந்தக் கோலம் பூத்தது. கோபாலபுரத்தில் கருணாநிதியின் வீட்டு வாசலில்கூட.

அரிசிமாவுக்கு ஏன் அத்தனை பயம்? கோலம் போடும் பெண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை. 'குடும்பப் பாங்கு' என்பதன் அடையாளமே அதுதான். அந்த அடையாளத்துக்குள்ளிருந்தே 'யார் இந்த நாட்டின் குடிமக்கள்?' என்ற கேள்வி எழுந்ததும் அரசுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண்கள் கோலத்தை விட்டுவிட்டு அரசியலுக்குப் போகவில்லை. அரசியலுக்காகக் கோலத்தின் அழகைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. மார்கழி மாதம், வாசல், மாவு, எழுத்து எல்லாம் ஒன்றாக இருந்தன.

சமையல் எழுத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அமெரிக்க எழுத்தாளர் எம்.எஃப்.கே. ஃபிஷர் 'ஓநாயைச் சமைப்பது எப்படி?' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு நூல் எழுதினார். வறுமையை வாசலில் நிற்கும் ஓநாய் என்பார்கள் ஆங்கிலத்தில். அந்த ஓநாயை என்ன செய்வது என்பதுதான் நூல். அடுப்பு எரியும்போதே பல பண்டங்களை ஒன்றாக வேகவைத்து எரிபொருளை மிச்சப்படுத்துவது, கையில் சில்லறை மட்டுமே இருந்தால் சில நாட்களை ஓட்டுவது எப்படி என்று எழுதினார். ருசியை விட்டுக்கொடுக்கவும் இல்லை, போரை மறைக்கவும் இல்லை. ஒவ்வொரு குறிப்பிலும் போர் இருந்தது.

2022இல் இலங்கையில் காஸ் சிலிண்டருக்காக மக்கள் விடியலுக்கு முன்பே வரிசையில் நின்றார்கள். பல வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. அந்த ஆண்டு மே மாதத்தில் சென்னையிலும் வீட்டு சிலிண்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அப்போது காஸை மிச்சப்படுத்தும் ஒரு சமையல் குறிப்பு வெறும் குறிப்பு அல்ல. 'சிலிண்டர் விலை ஏறிவிட்டது, அதனால் பருப்பை ஊறவைத்து வேகவைக்கிறேன்' என்று ஒரு பெண் சொல்லும்போது முதல் பாதி பொருளாதாரம், இரண்டாம் பாதி சமையல். நம் வழக்கமான எழுத்து முதல் பாதியை வெட்டிவிடுகிறது. அதைத் திரும்பச் சேர்த்தால் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அந்த வாரம் மீன் குழம்பு வைத்துக் காட்டியவர், 'எங்களுக்கு மீன் கொண்டுவரும் அக்கா இந்த வாரம் வரவில்லை' என்று ஒரு வரி சொல்லியிருந்தால், எண்ணூர் நம் அடுப்படிக்கு வந்திருக்கும்.

என் அம்மாவிடம் ஒரு சமையல் நோட்டு இருந்தது. பழைய பள்ளி நோட்டு, மஞ்சள் கறை. பத்திரிகையில் வந்த குறிப்புகளைப் பார்த்து எழுதியவையும் அத்தைகள் சொன்னவையும் அதில் இருக்கும். ஓரங்களில் வேறு கணக்குகள். 'சீமெண்ணெய் இன்றும் இல்லை.' 'பால் பாக்கி 18.' ஒரு பக்கத்தில், அப்பா வேலை பார்த்த நூற்பாலை மூடப்பட்ட சமயத்தில், இப்படி எழுதியிருக்கிறார்: 'மில் பூட்டி 12 நாள். தேங்காய் இல்லாத குழம்பு.' அதன் கீழே செய்முறை. வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் அரைத்து விடுகிற குழம்பு. அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பெண்ணியம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. வீட்டையும் உலகத்தையும் சமன் செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. குழம்பு ஏன் அப்படி ஆனது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் குறிப்பு முழுமையாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டைப் பற்றி எழுதும், பேசும் தோழிகளிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் அழகிய அலமாரிகளை மூட வேண்டாம். ஊறுகாயை நிறுத்த வேண்டாம். அந்த ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கியவர் யார், எவ்வளவு நேரம் ஆனது, எண்ணெய் என்ன விலை, உங்கள் கணவர் அப்போது எங்கே இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். செய்தித்தாள் படிக்காத, வெளியே போக அனுமதியில்லாத பெண்கள்கூட உங்கள் குறிப்புகளைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் நின்று எட்டிப்பார்க்கும் ஆணுக்கு அது வெறும் சாம்பார். அவளுக்கு அந்தச் சாம்பாருக்கு நடுவே மகளிர் உதவி எண் 181 காதில் விழட்டும்.

வாசிக்கும், பார்க்கும் நமக்கும் வேலை இருக்கிறது. 'அரசியல் வேண்டாம், அழகா நாலு விஷயம் போடுங்க' என்று பின்னூட்டம் இடுவதை நாம் நிறுத்த வேண்டும். ஒரு பெண் துணிந்து ஒரு வரி சொல்லி வசவு வாங்கும்போது, அந்த வசவுகளுக்கு நடுவே நம் பெயரும் அவளுக்கு ஆதரவாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால், நம் வீட்டில் கவிழ்த்துவைத்திருக்கும் அந்தத் தனி டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு வைக்க வேண்டும்.